மூன்று படிகளில் இறங்கிய டிவி

அப்பாவின் வலது மணிக்கட்டு இன்றும் முழுதாகத் திரும்புவதில்லை. கத்தரிக்கோலைப் பிடித்து ஒரு சாண் துணி வெட்டியதும் நிறுத்தி, கையை உதறிவிட்டு, மறுபடி தொடங்குவார். மதுரை புதுமண்டபத்தில் நாற்பது ஆண்டுகள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அந்தக் கை தொழிலில் கெடவில்லை. படுக்கையறைப் பரணில் இருந்த பழைய 21 அங்குல டிவியை இறக்கப் போனபோது முறிந்தது.

2018ஆம் ஆண்டு, போகிக்கு முந்தைய நாள். வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் பரணைக் காலி செய்துவிட வேண்டும் என்று அப்பாவுக்கு அவசரம். எங்கள் வீட்டுப் பரண், கதவு நிலைக்கு மேலே, தரையிலிருந்து ஏழடி உயரத்தில் சுவரோடு ஓடும் இரண்டடி அகலக் கான்கிரீட் சிலாப். பித்தளைப் பானைகள் இறங்கிவிட்டன, கொலுப் பெட்டி இறங்கிவிட்டது. அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியையும் அப்பா யாரையும் கூப்பிடாமல் தானே இறக்கிவிட்டார். 2006இல் தொடங்கிய அந்த இலவசத் திட்டத்தில் வந்த பெட்டி ஏறக்குறைய பத்துக் கிலோதான். அதை இறக்கிய தைரியத்தில்தான் அடுத்ததில் கை வைத்தார். பதினான்குக்கும் இருபத்தொன்றுக்கும் ஒன்றரை மடங்குதானே வித்தியாசம் என்று கண் கணக்குப் போடும். எடை இரண்டு மடங்கையும் தாண்டிவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் கூடுகின்றன, கண்ணாடியின் தடிப்பும் கூடுகிறது. அந்தப் பெரிய டிவியை 2010இல் மேலே ஏற்றி வைத்தபோது கடைப் பையன்கள் மூன்று பேர் வந்தார்கள் என்பது அன்று எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் அப்பா. கீழே கையை நீட்டியபடி தம்பி. பெட்டியின் கண்ணாடி முகம் வெளியே பார்த்தபடி இருந்தது. அப்பா இழுத்தார், அசையவில்லை. "ஒட்டிக்கொண்டிருக்கிறது போல" என்றார். மூச்சைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ஒட்டியிருந்தது ஒரே கணத்தில் விட்டது. பாதிகூட வெளியே வராத பெட்டி முன்பக்கமாகக் கவிழ்ந்தது. தம்பி ஓடி வந்து தோளைக் கொடுத்துவிட்டான். அப்பா பின்னால் சாய, ஸ்டூலின் ஒரு கால் மடங்கியது. உள்ளங்கையை ஊன்றி விழுந்தார்.

சத்தம் கேட்டு நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தபோது, தம்பி பீரோவுக்கும் டிவிக்கும் நடுவில் அசைய முடியாமல் நின்றுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் வந்து பெட்டியை மறுபடி பரணுக்குள் தள்ளிவிட்டார்கள். அதன் விளிம்பு தம்பியின் தோளில் பதித்த கோடு பத்து நாட்கள் இருந்தது. அப்பாவுக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. அந்த ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்கு, கள்ளழகர் வேடம் கட்டுபவர்களின் உடைகளை முதன்முறையாக அவர் தைக்கவில்லை. வழக்கமாக வருபவர்கள் வீடு வரை வந்து கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டிவி அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் அங்கேயே இருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2022 ஐப்பசி மழையில் வெளிச்சுவர் வழியாக ஈரம் இறங்கிப் பரணின் அடியில் காரை உதிரத் தொடங்கியது. பரணைச் சுத்தமாகக் காலி செய்து கொடுத்தால்தான் தட்டிப் பார்க்க முடியும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். 2023 ஆடி மாதத்தில், வேறு வழியில்லாமல், எதிர்வீட்டுப் பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் கீழமாசி வீதி மளிகை மண்டிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் மூட்டை சுமந்தவர். இப்போது முழங்கால் தேய்ந்துவிட்டது, எதையும் தூக்குவதில்லை. ஆனால் ஒரு பொருளை எப்படி நகர்த்த வேண்டும் என்பதில் அவருக்கு இருக்கும் தெளிவு, பள்ளியில் பதினெட்டு ஆண்டுகளாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இல்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான். இன்னும் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு டிவி பரணில் இருக்கிறது. ஒருநாள் யாராவது ஸ்டூல் போட்டு ஏறத்தான் போகிறார்கள்.

வந்தவர் பரணைப் பார்க்கவில்லை. "இறக்கி எங்கே வைக்கப் போகிறாய், தாயி?" என்று கேட்டார். நான் முற்றத்தைக் காட்டினேன். அங்கிருந்து படுக்கையறை வரை தாமே ஒருமுறை நடந்தார். கால்மிதியை எடுக்கச் சொன்னார், பாயைச் சுருட்டச் சொன்னார், வாசற்படியின் உயரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். கதவின் அகலத்தைக் கயிற்றால் அளந்தார். சுமை கைக்கு வந்த பிறகு வழியைத் தேடுகிறவன்தான் தடுக்கி விழுவான் என்பது அவர் கணக்கு. கடைசி இடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்து, கடைசியாகத்தான் தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தார்.

பார்த்ததும் அடுத்த கேள்வி: "எந்தப் பக்கம் கனம்?"

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எங்களில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பழைய படக்குழாய் டிவியில் கனமெல்லாம் முகத்தில்தான். உள்ளே காற்றை முழுதாக உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய் இருக்கிறது. வெளியே இருக்கும் காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. 21 அங்குலப் பெட்டியின் திரை கிட்டத்தட்ட 40 செ.மீ.க்கு 30 செ.மீ. அந்த முகத்தின் மீது மட்டும் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட அழுத்தம். அதைத் தாங்குவதற்காக முன்கண்ணாடியை மிகத் தடிப்பாக வார்த்திருப்பார்கள். பின்னால் நீண்டிருக்கும் பகுதி பார்க்கப் பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் கூடு. ஆகவே திரை வெளியே பார்த்தபடி இருக்கும் டிவியை இழுத்தால், கனமான பக்கம்தான் முதலில் விளிம்பைத் தாண்டும். பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்தாலே போதும், கவிழ்ந்துவிடும். நடு வரை பிடித்து நிற்கும் என்று நம்பியதுதான் அப்பா செய்த பிழை.

வாசகர்களுக்கு ஓர் அளவு சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, சுமை தூக்குவதற்கு வழிகாட்டும் எடைகளைப் படம் போட்டு வைத்திருக்கிறது. இடுப்பு மட்டத்தில் உடம்போடு ஒட்டிப் பிடித்தால் ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16. அதே சுமை தோளுக்கு மேலே போனால் ஆண்களுக்கு 10, பெண்களுக்கு 7. தோளுக்கு மேலே கையை நீட்டிப் பிடித்தால் 5, 3. எங்கள் டிவியைப் பிறகு மாவு மில்லின் தராசில் வைத்தபோது 23 கிலோ 600 கிராம் காட்டியது. ஸ்டூலில் நின்று கையை நீட்டி இழுத்தவருக்கு வயது 66. இந்தக் கணக்கை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரியப்பாவிடம் இந்த எண்களைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, "நெஞ்சுக்கு மேல் போனால் சுமை உன்னைத் தூக்கும்" என்றார். அவர் போட்ட திட்டம் முழுவதும் அந்த ஒரு நினைப்பிலிருந்து வந்ததுதான். டிவியை நாங்கள் தூக்கக் கூடாது. அது எப்போதும் ஏதாவது ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓர் இருக்கையிலிருந்து அடுத்த இருக்கைக்குப் போகும் அந்த நொடிகளில் மட்டுமே அது கைக்கு வரலாம், அதுவும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேதான்.

ஏழடியை மூன்று படிகளாகப் பிரித்தார். சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடையிலிருந்து மூன்றடி உயர இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டும், எட்டடி நீளப் பலகைகள் மூன்றும் வந்தன. ஒருநாள் வாடகை 250 ரூபாய். ஸ்டாண்டுகளின் மேல் பலகைகளை நெருக்கிப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் பிணைக்காமல் ஒவ்வொரு பலகையையும் ஸ்டாண்டோடு தனித்தனியே கட்டச் செய்தார். ஸ்டாண்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த பலகை முனைகளில் சிவப்புத் துணி சுற்றினார். அந்த இடத்தில் கால் வைத்தால் மறுமுனை எழும்பிவிடும். பலகைகளின் நடுவில், சுவரை ஒட்டி, பரணின் விளிம்புக்கு நேர் கீழே, அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டி. இரண்டடி உயரம். உள்ளே பழைய துணியைத் திணித்து, அடியில் ஈரச் சாக்கு விரித்து வைத்ததால் அது நகரவே இல்லை. இப்படியாக டிவி ஏழடியிலிருந்து ஐந்தடிக்கு, ஐந்திலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து தரைக்கு வரும். பலகையில் நிற்கிறவர்களுக்குப் பரண் நெஞ்சு மட்டத்தில் இருக்கும். மூன்றடிக்கு வந்ததும் தரையில் நிற்கிறவர்களுக்கு அது இடுப்பு மட்டம்.

தம்பி வேறு ஒரு யோசனை வைத்திருந்தான். படுக்கையறைக் கூரையில் நாங்கள் தூளியில் ஆடிய காலத்துக் கொக்கி இன்னும் இருக்கிறது. அதில் கப்பி மாட்டிக் கயிற்றில் இறக்கிவிடலாமே என்றான். பெரியப்பா கொக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். அதை யார், எப்போது, எதில் பதித்தார்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளையைத் தாங்கிய கொக்கி இன்றைக்கு இருபத்து நான்கு கிலோவைத் தாங்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? தாங்கினாலும், தொங்கும் பெட்டி ஊசலாடிச் சுவரில் மோதும். குழாயின் கழுத்துப் பகுதி மெல்லிய கண்ணாடி, அது சிறிய அதிர்ச்சியிலும் உடையலாம்.

அதே கூரையில் இன்னொரு ஆபத்து சுற்றிக்கொண்டிருந்ததை நான்தான் பார்த்தேன். மின்விசிறி. மூன்றடிப் பலகையில் ஐந்தரை அடி ஆள் நின்றால் தலை எட்டரை அடிக்குப் போய்விடும், இறக்கை அங்கேதான் இருக்கிறது. ஆடி மாதப் புழுக்கத்தில் யாராவது பழக்கத்தில் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள் என்பதால், சுவிட்சின் மேல் டேப் ஒட்டினேன். வியர்வை வழிந்தது, வழியட்டும் என்று விட்டுவிட்டோம்.

மேலே ஏறியவர்கள் தம்பியும் பெரியப்பாவின் பேரனும். இருவருக்கும் உயரம் கிட்டத்தட்ட ஒன்று. ஒருவர் நெட்டையாக, ஒருவர் குட்டையாக இருந்தால் சுமை முழுவதும் குட்டையானவர் பக்கம் சரியும். லுங்கியில் வந்த பேரனைத் திருப்பி அனுப்பிப் பேன்ட் போட்டு வரச் சொன்னார். கைக்கடிகாரம், மோதிரம், காப்பு எல்லாம் கழற்றியாயிற்று. காலில் ரப்பர் செருப்பு கூடாது, அடி வழுக்காத ஷூ வேண்டும் என்றார். என் துப்பட்டாவையும் ஓரமாக வைக்கச் சொன்னார்.

முதலில் ஏறியது சுத்தம் செய்வதற்காக. டார்ச் அடித்து, நீளக் குச்சியால் பெட்டியின் பக்கங்களைத் தட்டினான் தம்பி. ஒரு பல்லி ஓடியது. பின்பக்கக் காற்றுத் துளைகளில் குளவி கட்டிய மண்கூடு காய்ந்து கிடந்தது. இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். பெட்டியைக் கையில் வைத்திருக்கும்போது முகத்துக்கு நேரே பல்லி பாய்ந்தால், எவ்வளவு பலசாலியும் ஒரு கணம் கையை விட்டுவிடுவான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பதின்மூன்று ஆண்டுத் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தார்கள். தூசி படிந்த பிளாஸ்டிக் சோப்பைப் போல வழுக்கும். மின்கம்பியைச் சுருட்டிப் பெட்டியின் மேல் டேப் போட்டு ஒட்டினார்கள். தொங்கும் கம்பியை மிதித்துத் தடுமாறியவர்களைப் பெரியப்பா நிறையப் பார்த்திருக்கிறார்.

பெட்டியைத் துடைக்கும்போதுதான் ஐந்து ஆண்டுகளாக எங்களுக்குப் புரியாத ஒன்று புரிந்தது. டிவியின் அடியில் நான்கு ரப்பர் பாதங்கள் உண்டு. பரணின் வெப்பத்தில் அந்த ரப்பர் இளகி, வெல்லப்பாகு போலாகி, சிமெண்டோடு ஒட்டிப்போயிருந்தது. அன்றைக்கு அப்பா இழுத்தபோது வராமல் இருந்ததும், பிறகு பட்டென்று விட்டதும் அதனால்தான். பாதங்கள் அன்று பிய்ந்து, உள்ளே தள்ளிய இடத்தில் மறுபடி ஒட்டியிருந்தன. பல ஆண்டுகள் அசையாமல் இருந்த எதையும் இழுத்துப் பார்க்கக் கூடாது. முதலில் விடுவிக்க வேண்டும்.

எப்படி விடுவிப்பது என்று இவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். அன்று காலையிலிருந்து அவர் அந்த அறைக்குள் வரவே இல்லை. கையில் மொத்தமான நைலான் நூற்கண்டு. மூன்றடி நீளம் வெட்டி, இரண்டு முனைகளிலும் குச்சி கட்டி, மெழுகு தடவித் தம்பியிடம் நீட்டினார். "பாதத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவில் விடு. இழுக்காதே. ரம்பம் போல இப்படியும் அப்படியும் அறு" என்றார். தம்பி ஒவ்வொரு பாதமாக அறுத்தான். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் ஆனது. நூல் கறுத்து வெளியே வரும்போது அப்பா அதை வாங்கிப் பார்த்தார், புது நூல் வெட்டிக் கொடுத்தார். நான்காவது பாதம் விட்டதும் பெட்டி தானாகவே அரை விரல் நகர்ந்தது. ஒருவரும் இழுக்கவில்லை.

இதற்குப் பிறகு உடனே இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். பெரியப்பா அரிசிச் சிப்பம் ஒன்றைக் கேட்டார். இருபத்தைந்து கிலோச் சிப்பம், ஏறக்குறைய டிவியின் எடை. அதை டிரங்குப் பெட்டியின் மேல் வைத்து, அங்கிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து தரைக்கு என்று இருவரையும் மூன்று முறை இறக்கவைத்தார். முதல் முறை இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போதுதான் விதியைச் சொன்னார்: குரல் ஒன்றுதான், அது அவருடையது. "பிடி" என்றால் பிடிப்பது, "எடு" என்றால் எடுப்பது, "வை" என்றால் வைப்பது. வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. யாருக்குக் கை நழுவினாலும் "நில்" என்று சொல்லலாம். சொன்னதும் இருக்கும் இடத்திலேயே அப்படியே வைத்துவிட வேண்டும். அரிசியோடு ஒத்திகை பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பலகை நடுவில் சற்று வளைந்தது. மூன்றாவது ஸ்டாண்டு ஒன்று வாங்கி வந்து நடுவில் கொடுத்தோம். இது டிவியோடு தெரியவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க விரும்பவில்லை.

ஒத்திகை முடிந்ததும் இருவரையும் பார்த்து அவர் சொன்னதுதான் இந்த முழு அனுபவத்திலும் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன். "விழுந்தால் விழட்டும். பிடிக்கப் போகாதே. கையை எடு, பின்னால் போ." இதை இருவரையும் திருப்பிச் சொல்லவைத்தார். விழும் பொருளைப் பிடிக்கப் போவது நம் உடம்பில் ஊறிய வழக்கம், அதை முன்கூட்டியே பேசி வைத்தால்தான் தடுக்க முடியும். என் தம்பி அன்றைக்குத் தோளைக் கொடுத்ததைப் பாசம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெட்டி இன்னும் இரண்டு அங்குலம் உள்பக்கமாக வந்திருந்தால் கழுத்தில் இறங்கியிருக்கும். காற்று நீங்கிய குழாய் உடைந்தால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கி, பிறகு வெளியே தெறிக்கும். குழாயைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கியிருப்பார்கள், அது ஓரளவுக்குத்தான் காக்கும். அதனால் திரையின் மேல் கனமான ஜமக்காளத்தைப் போர்த்தி நாடாவால் கட்டினோம். இருவருக்கும் கண்ணாடி மாட்டினோம். பலகைக்கு முன்னால் தரையில் பஞ்சு மெத்தை விரித்தோம். அறையில் வேறு யாரும் இல்லை. நான் கதவருகில் நின்று பிள்ளைகள் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டேன்.

இறக்கியது நான்கு நிமிடம்கூட இருக்காது. பெட்டியை இலேசாகச் சாய்த்து அடியில் மடித்த கோணிச் சாக்கைச் செருகினார்கள். சாக்கோடு சேர்த்துப் பரணிலேயே மெல்லத் திருப்பினார்கள், திரை சுவரைப் பார்க்க, முதுகு வெளியே வர. இப்போது இழுக்க இழுக்க இலேசான முதுகுதான் விளிம்பைத் தாண்டியது, கனம் கடைசி வரை சிலாப்பிலேயே உட்கார்ந்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் ஒருவரையொருவர் பார்த்து நின்று, திரைக்கு அருகில் பெட்டியின் அடித்தட்டில் கை கொடுத்தார்கள். பின்மூடியை யாரும் தொடவில்லை. அது சில திருகாணிகளில் நிற்கும் பிளாஸ்டிக், வயதானால் அப்பளம் போல நொறுங்கும். "பிடி." "எடு." ஒரு மூச்சு. "வை." டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டது. அங்கே ஒரு நிமிடம் நிறுத்தினார். கைகளை உதறிக்கொள்ளச் சொன்னார். பிறகு முழங்காலை மடக்கிப் பலகைக்கு. பிறகு இருவரும் இறங்கி வந்து, தரையில் நின்று, இடுப்பு மட்டத்தில் இருந்த பெட்டியை எடுத்து, ஏற்கெனவே பார்த்து வைத்த வழியில் முற்றத்துக்கு நடந்தார்கள். வாசற்படியில் கால் தேடவில்லை. உயரம் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஜமக்காளத்தின் நாடாவை இடக்கையால் அவிழ்த்தார். அந்த டிவி 1998 தீபாவளிக்கு, இரண்டு மாதம் இரவு பகலாகத் தைத்த கூலியில் வாங்கியது.

ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா என்று பேரன் கேட்டான். வேண்டாம் என்று நான் தடுத்தேன். உள்ளே தூசி, ஈரம், குளவிக் கூடு. இத்தனை ஆண்டுகள் ஈரச் சுவரோடு கிடந்த பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் தீப்பிடிக்கலாம். பின்மூடியைக் கழற்றிப் பார்க்கவும் கூடாது. ஓடும்போது அந்தக் குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும், அணைத்த பிறகும் கண்ணாடிச் சுவரில் மின்னூட்டம் தங்கும் தன்மை உண்டு. பழகிய மெக்கானிக்குகளே அதை வெளியேற்றிவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

பழைய இரும்புக் கடைக்காரர் 150 ரூபாய் தருவதாகச் சொன்னார். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கழுத்தை உடைத்துச் செம்புச் சுருளை எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கொட்டிவிடுவதுதான் வழக்கம் என்று மறைக்காமல் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அதில் கிடைப்பது அந்தச் செம்பு மட்டும்தான். ஆனால் அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. பார்க்கிறவர் மேல் எக்ஸ் கதிர் படாமல் தடுப்பதற்காகவே சேர்த்தது. உடைத்துக் கொட்டிய இடத்தில் மழை பெய்தால் மண்ணுக்கும் நீருக்கும் போகும், உடைக்கிறவர் மூச்சிலும் தூள் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் மின்கழிவு விதிகளில் தொலைக்காட்சியும் அடக்கம். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அவர்களின் பட்டியல் உண்டு. தம்பி வேலை பார்க்கும் இடத்தில் மின்கழிவைச் சேர்த்து அப்படி ஒருவருக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்ததால், அடுத்த வாரம் அதிலேயே சேர்த்து அனுப்பினோம். பணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆட்டோவுக்கு 200 ரூபாய் செலவானது.

கொத்தனார் திங்கட்கிழமை வந்தார். பரணில் டிவி இருந்த இடத்தில் நான்கு கறுப்புத் தடங்கள் ஒட்டியிருந்தன. கீழிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தவர், அந்தத் தடங்களுக்கு நேர் அடியில் வந்ததும் நிறுத்தினார். அங்கே மட்டும் ஓசை வேறாக இருந்தது. இன்னொரு முறை தட்டியதும் காரை ஒரு முழ நீளத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து, நாங்கள் இன்னும் எடுக்காமல் விட்டிருந்த மெத்தையின் மேல் விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஈர்க்குச்சியாக இளைத்திருந்தது. அப்பா அதை விரலால் தொட்டார். துரு அவர் விரலோடு உதிர்ந்து வந்தது. அதே சுவரை ஒட்டித்தான், இந்தப் பரணுக்கு நேர் கீழேதான், தினமும் மதியம் என் மகன் பாய் விரித்துப் படுப்பான்.